எல்லார் வீட்டுச் சாயல்

நாணல்திட்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேர்வதற்குள் நடுவில் விட்டுவைத்த மண்மேடுதான் எங்கள் ஊர். மேலத்தெரு, நடுத்தெரு, கரைத்தெரு என்று மூன்று தெரு, மூன்றுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனிச் சுடுகாடு, ஆற்றில் இறங்கத் தனித்தனித் துறை. மூன்று தெருவுக்கும் பொதுவாக இருந்தது தேர்தலுக்கு முந்தின வாரம் நடக்கும் முகம்பார்ப்பு ஒன்றுதான். வேட்பாளரைத் தெருமுனையில் கிழக்குப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள், வீட்டுக்கு ஒருவர் வந்து, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல, நெற்றி யாருடையது, மூக்கு யாருடையது, காது மடல் எந்த வகையறா என்று நிதானமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு நம்ம சாயல் என்றோ, இல்லை என்றோ சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போவார்கள், அதோடு அந்தத் தெரு ஓட்டு முடிந்தது. நோட்டீஸ் பொய் சொல்லும், மைக்கு பொய் சொல்லும், முகம் பொய் சொல்லாது என்பது எங்கள் அப்பாக்கள் காலத்தில் எடுத்த முடிவு. மேலத்தெருவில் வீடுகள் அதிகம் என்பதால் மேலத்தெரு மூக்குதான் எப்போதும் ஜெயித்தது, தார்ரோடும் மேலத்தெருவின் கடைசி வீட்டோடு நின்றது.

நான் வெளியூர்ப் பிழைப்பை முடித்துக்கொண்டு திரும்பி வந்த வருஷத்தில் கரைத்தெருவிலிருந்து தையல்நாயகி பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நின்றாள். முந்தின ஐப்பசியில் மேட்டூரிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போன நாளில், அவளுடைய ஒரே மகள் மங்கையர்க்கரசிக்கு இடுப்புவலி எடுத்து, மரப்படகில் ஏற்றி, நடு ஆற்றில் தண்ணீர் இழுத்த திசையெல்லாம் படகு சுற்றிச் சுற்றி, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் ஜில்லிட்டுப் போயிருந்தார்கள். தையல்நாயகி அழுது முடித்ததும் நாமினேஷன் போட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு மோட்டார் படகு, அதை ஓட்டத் தெரிந்த ஒரு ஆள், வெள்ளத்துக்கு முன்னால். ஊரில் அப்போது ஏழெட்டுப் பெண்கள் வயிற்றோடு இருந்தார்கள், அவள் ஒவ்வொருத்தி வீட்டு வாசலிலும் நின்று எத்தனையாவது மாசம் என்று கேட்டுவிட்டு மேற்கே ஆற்றைப் பார்ப்பாள், அந்தப் பெண்களும் ஆற்றைப் பார்ப்பார்கள்.

ஆனால் முகம்பார்ப்பில் அவள் எவருக்கும் தேறவில்லை. அவள் வடக்கே வேறு ஜில்லாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், நீண்ட தாடை, பூனைக்கண், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற உதடு. மேலத்தெருவில் இல்லை என்றார்கள், நடுத்தெருவில் இல்லை என்றார்கள், கரைத்தெருவில் சொந்த நாத்தனாரே வந்து, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, நம்ம வகையில இந்தத் தாடை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் படகைப் பற்றிப் பேசினாள், முகம்பார்ப்பில் பேசுவது வழக்கமில்லை என்பதால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

அவளுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நடுத்தெரு தெட்சிணாமூர்த்தி, ரேடியோ செட்டும் டியூப்லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் ரேடியோக் குழாயைக் கட்டிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான், எல்லார் வீட்டிலும் சாப்பிட்டிருப்பான், அவன் இருந்தான் என்று எவருக்கும் ஞாபகம் இருக்காது. நடுத்தெருவுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவனை நிறுத்தினார்கள். மேலத்தெருவில் அவனை உட்காரவைத்தபோது முதல் ஆளாகப் பண்ணைவீட்டு சாம்பமூர்த்தி வந்தார்; இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்துகொண்டே வந்தவர், குனிந்து பார்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்து, "நம்ம சாயல்தான்யா" என்றார். அடுத்து வந்தவர் சாம்பமூர்த்தியோடு வேலித்தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர், அவரும் பார்த்து, இது எங்க அப்பா முகம், எங்கப்பா நெத்தியில இருந்த வெட்டுத்தழும்புகூட இருக்கு என்றார். மூன்றாவது ஆள் தன் தம்பி முகம் என்றார். மாலை விழுவதற்குள் மேலத்தெரு முழுக்கத் தெட்சிணாவைத் தன்னுடையவன் என்று சொல்லிவிட்டது, மறுநாள் கரைத்தெருவும் சொன்னது, நடுத்தெருவும் தான் பெற்ற பிள்ளையைத் தானே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து அதையே சொன்னது.

இதில் ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நல்ல மழை பெய்த வருஷத்தில் புல் கொஞ்சம் அதிகம் வளர்வதுபோல இது ஒரு வருஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டு முகம் அவரவர் கண்ணுக்குத் தெட்சிணாவிடம் தெரிந்தது, பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறு முகம் தெரிகிறது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் தனக்குத் தெரிவதுதான் நிஜம், மற்றவன் ஆசையில் உளறுகிறான் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டார்கள். கண்ணில்லாத கோதண்டம் இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, தன் கன்னத்தில் இருக்கிற அம்மைக்குழி ஒன்று விடாமல் அங்கேயும் இருக்கிறது என்று சொல்லித் திருப்தியாகப் போனான். புருஷன் விட்டுவிட்டுப் போன விமலா, தெட்சிணா ஓட்டுக் கேட்டு வாசலில் நின்றபோது துடைப்பத்தை எடுத்து நாலு சாத்து சாத்திவிட்டு, பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். கூட வந்தவர்கள் கேட்டதற்கு, ஓட்டு போடாம என்ன செய்றது, ஆயிரம் இருந்தாலும் என் வீட்டு ஆளு என்றாளாம். சீர்காழியில் அச்சடித்து வந்த சுவரொட்டிகளில்கூட அப்படியேதான் தெரிந்தது, ஆகவே ஒன்றையும் எவரும் கிழிக்கவில்லை, ஆடுகள் மட்டும் வழக்கம்போல் தின்றன. பேப்பர் சரிபார்க்க வந்த தேர்தல் அதிகாரி தெட்சிணாவின் அடையாள அட்டையில் தன்னுடைய முகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து தெட்சிணாவைப் பார்த்தார், இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தையல்நாயகி மட்டும் தெட்சிணாவைப் பார்க்கவே இல்லை. அவன் வருகிற தெருவில் அவள் வரமாட்டாள், வந்துவிட்டால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பாள், சுவரொட்டி இருக்கிற சுவரைத் தாண்டும்போது ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் வீட்டு முகம் என்று அவளுக்கு இருந்தது எது என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவள் புருஷன் மருதவாணன் நல்லவர், பெண்டாட்டிக்கு ஓட்டுக் கேட்டு வீடுவீடாகப் போனவர், ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, நான் அந்தப் பயலைப் பார்த்துத் தொலைச்சிட்டேன் தையலு என்றார். அவள் குழம்பு ஊற்றினாள். "என் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படி எதிர்ல ஓட்டுக் குத்தறது, நீயே சொல்லு" என்றார். அவள் மோர்ச் சட்டியை எடுத்துவரப் போனாள்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் தெட்சிணா கரைத்தெருவுக்குத் தனியாக நடந்து வந்தான், தையல்நாயகி வீட்டுப் படலுக்கு வெளியே நின்றான். அவன் உடம்பு இளைத்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், அது அவரவர் உடம்பாகத் தெரிந்ததால் எவ்வளவு இளைத்திருந்தது என்று எவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தையல்நாயகி முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பேசியதைப் பக்கத்து வேலியிலிருந்து கேட்டவர்கள் பிறகு எல்லாரிடமும் சொன்னார்கள். வீட்டில் பெண்டாட்டி தன்னைப் பார்த்து அவளுடைய அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம், பிள்ளைகள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல வந்து நின்று தலை சீவிக்கொண்டு போகிறார்களாம், சவரம் செய்ய உட்கார்ந்தால் கண்ணாடியில் வெறும் சுவர்தான் தெரிகிறதாம். அக்கா, எனக்குன்னு ஒரு மூஞ்சி இருந்துச்சு, அது எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு என்றான். எல்லாரும் என்னை நம்மாளுன்னு பார்க்கிறாங்க, நீங்க ஒருத்திதான் எதிர்ல நிக்கறீங்க, உங்க கண்ணுக்காவது நான் நானாத் தெரிவேன், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க, படகு நான் வாங்கித் தர்றேன், அக்கரைக்கு எழுதிப் போட்டுட்டேன் என்றான். அவன் அழுதான் என்றும் சொன்னார்கள்.

எதிரியாக இருந்தாலும் அழுகிற மனுஷனுக்கு முதுகைக் காட்டி எவ்வளவு நேரம் நிற்க முடியும். தையல்நாயகி திரும்பினாள்.

படலுக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசி நின்றாள். நீண்ட தாடை, பூனைக்கண், ஒரு பக்கம் ஏறுகிற உதடு, தாயை உரித்துவைத்த அதே முகம், ஆனால் இருபத்திரண்டு வயசில், முகத்தில் ஆற்றுத் தண்ணீர் இல்லாமல், காய்ந்து, உயிரோடு. கையிலிருந்த விறகு ஒவ்வொன்றாக விழுந்தது. மகளின் வாய் திறந்து, ஆம்பிளைக் குரலில், "என்னாக்கா தெரியுது?" என்று கேட்டது.

தையல்நாயகி படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலைமுடியைக்கூட அள்ளி முடிந்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கி மறைப்புக்குள் போனாள், ஏணி அவள் சின்னம், பூட்டுசாவி அவனுடையது. போய் வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். மறுநாள் அக்கரையில் எண்ணி முடித்து, தெட்சிணாமூர்த்தி தவிர ஒருவருக்கும் ஓட்டு விழவில்லை, மேலத்தெரு நிறுத்திய ஆளுக்கும் இல்லை, ஏணிக்கு ஒன்றுகூட இல்லை என்று செய்தி வந்தபோது மருதவாணன் அதிர்ந்துபோய், உன் ஓட்டு எங்கடி என்று கேட்டார். "என் புள்ளைக்குப் போடாம வேற யாருக்குப் போடுவேன்?" என்றாள்.

மூன்று தெருவும் சேர்ந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்தது ஊர் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. எல்லாத் தெருவிலும் வெடி வெடித்தார்கள், நம்ம ஆளு வந்துட்டான் என்று மேலத்தெருவும், நம்ம ஆளு வந்துட்டான் என்று கரைத்தெருவும் ஒரே மூச்சில் கத்தின. தெட்சிணாவும் சொன்ன சொல் தவறவில்லை, அக்கரைக்கு ஏழெட்டு நடை நடந்தான், அங்கே இருந்த அதிகாரிகளுக்கும் அவன் அவரவர் வீட்டு ஆளாகத் தெரிந்ததால் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, கடைசியில் ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மோட்டார் படகைக் கொண்டுவந்து அக்கரைத் துறையில் கட்டினார்கள். படகோட்டிக்கும் ஆள் போட்டார்கள். நாணல்திட்டில் எந்தத் துறையில் நிறுத்துவது என்று பஞ்சாயத்துத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் படகு வந்துவிடும் என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. தன் தெரு மூக்கும் காதும் உள்ள தலைவர் தன் தெருத் துறையில்தான் படகை நிறுத்துவார் என்று மேலத்தெருவுக்கு நிச்சயமாகத் தெரியும், நடுத்தெருவுக்கும் கரைத்தெருவுக்கும் அதே நிச்சயம். மாரியம்மன் கோயில் கூட்டத்தில் தெட்சிணா, ஆழம் அதிகமான கரைத்தெருத் துறைதான் மோட்டார் படகுக்குத் தோது என்று ஆரம்பித்தபோது, மேலத்தெரு ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா முகம் ஓரத்தில் கரைந்து வேறு எவனோ ஒருவன் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது, இது யார்ரா என்று ஒருவர் கேட்டார். தெட்சிணா அதைக் கவனித்தான், உடனே குரலை இறக்கி, எதுக்கும் பார்க்கலாம் என்றான், முகம் பழையபடி தெளிந்து நின்றது. அன்றைக்கு அவன் ஒன்று தெரிந்துகொண்டான்: எந்த முடிவைச் சொன்னாலும் ஒரு தெருவின் முகம் தன்னிடமிருந்து போய்விடும், அப்படி ஒவ்வொன்றாகப் போனால் கடைசியில் தனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கண்ணாடியில் தெரிகிற சுவர்தான். பிறகு அவன் எதையும் பார்க்கலாம் என்றே சொன்னான்.

நாங்களும் கோபப்படவில்லை, கோபப்படுவது எப்படி என்று தெரியவில்லை. ஒருவன் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடக் கிளம்பிப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவான், மேஜைக்கு அந்தப் பக்கம் அவனே உட்கார்ந்திருப்பான், களைத்துப்போய், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும், வேலைக்குப் போகாத நாளில் பெண்டாட்டியிடம் அவன் சிரிக்கிற சிரிப்பு அது. பாவம், அவனுக்கும் என்ன கஷ்டமோ என்று எண்ணிக்கொண்டு திரும்பி வந்துவிடுவான்.

ஐப்பசி முடியும்போது தண்ணீர் வந்தது. காலையில் துறைப்படிகள் முழுகின, மத்தியானத்தில் நாணல் முழுகியது, கரைத்தெரு செண்பகத்துக்கு அப்போதுதான் வலி எடுத்தது. தலைச்சன் பிரசவம், கால் வீங்கியிருந்தது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று நர்ஸ் போன வாரமே சொல்லியிருந்தாள். தையல்நாயகி செண்பகத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள், அவள் பின்னால் மூன்று தெருவும் போனது. அவள் கையை ஓங்கிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம், இன்றைக்கு ஒரு அறை விழும், போனை எடுத்து அக்கரைக்குச் சொல்லிவிடுவான் என்று எங்களுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அவள் உள்ளே போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள், நாலுநாள் தூங்காத கண்ணோடு. "போன் பண்ணு" என்றாள் தையல்நாயகி. தெட்சிணா போனைக் கையில் எடுத்தான், வாசலை அடைத்து நின்ற எங்களைப் பார்த்தான், மேலத்தெருவைப் பார்த்தான், நடுத்தெருவைப் பார்த்தான், எந்தத் துறைக்கு வரச் சொல்லப் போகிறான் என்று அத்தனை முகமும் அவன் முகத்தையே பார்த்தது. கன்னத்தின் ஓரம் கலங்க ஆரம்பித்தது.

"பார்க்கலாம்க்கா," என்றான். "எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு."

ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. பிறகு அந்தக் கை இறங்கி, மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடிக்கற்றையை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்டாளா, வேறு என்ன கேட்டாள் என்று தெரியவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வெளியே ஆறு இரைகிற சத்தம் உள்ளே கேட்டது.

திரும்பி நடந்தபோது அவள் கண்ணில் அழுகை இல்லை. செண்பகத்தைக் கட்டிலோடு தூக்கிவந்து பழைய மரப்படகில் வைத்தார்கள், மருதவாணன் முன்னால் ஏறி மூங்கில் கழியைப் பிடித்தார், தையல்நாயகி பின்னால் துடுப்போடு உட்கார்ந்தாள், செண்பகத்தின் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டுத் தானும் தொற்றி ஏறினான். செண்பகம் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினாள், எவரையாவது வரச் சொல்லிக் கத்தினாளா, வலியில் கத்தினாளா என்று சொல்ல முடியாது. "அங்க பாக்காத புள்ள," என்றாள் தையல்நாயகி, "அங்க ஒருத்தரும் இல்ல. என்னைப் பாரு."

படகு நீரோட்டத்துக்குள் போனதும் ஒரு சுற்று சுற்றியது, நேரானது, மறுபடி சுற்றியது. அக்கரையில் மோட்டார் படகு கட்டிய கயிற்றில் துள்ளிக்கொண்டிருந்தது, அது மழையில் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது தெட்சிணா ஆபீசிலிருந்து ஓடிவந்து எங்களுக்கு நடுவில் நின்றான், போன் இன்னும் அவன் கையில் இருந்தது. ஆற்றைப் பார்த்தான், சேற்றில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தான். சாம்பமூர்த்திக்குத் தானே சேற்றில் உட்கார்ந்து அழுவதாக இருந்தது, விமலாவுக்குப் புருஷன் அழுவதாக இருந்தது, எனக்கு என் முகம் அப்படி அழும் என்பது அதுவரைக்கும் தெரியாது. எங்கள் வீட்டு ஆள் அழும்போது நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்போம். மூன்று தெருவும் அவனைச் சூழ்ந்துகொண்டது, ஒருவர் துண்டால் முகம் துடைத்தார், ஒருவர் முதுகைத் தடவினார், உன்மேல என்ன தப்பு, நீ என்ன செய்வே, விதிக்கு யார் என்ன செய்யறது என்று எல்லாரும் ஒரே குரலில், பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல, சொல்லிக்கொண்டே இருந்தோம், அவன் அழுகை அடங்கவே இல்லை, எங்களுக்கும் அடங்கவில்லை, அந்தத் தேற்றுதலில் படகு எந்தப் பக்கம் போனது என்று நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.